பாம்பன் உப்புக்காற்றில் ஒரு பழைய மாருதி 800: சார்ஜ் ஏறாத ஒன்றரை வருடம்

என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. 2014இல் மதுரையில் ஒருவரிடம் வாங்கி பாம்பனுக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். பதினோரு வருடமாக மண்டபம், உச்சிப்புளி, ராமநாதபுரம் என்று எங்கே போனாலும் இந்த வண்டிதான். 796 சிசி எஞ்சின் இன்றுவரை என்னைக் கைவிட்டதில்லை. கிளட்ச், பிரேக், டயர் எல்லாம் தேயும்போது மாற்றியதுதான், அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சொல்ல வேண்டியது சார்ஜிங் பற்றி. கரையோரத்தில் பழைய கார் வைத்திருக்கும் யாருக்கும் இது வரலாம். எனக்கு இரண்டு பேட்டரியும் ஒரு டைனமோ (எஞ்சின் சுழலும்போது கரண்ட் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டர்) வேலையும் வீணாய்ப் போன பிறகுதான் காரணம் பிடிபட்டது.

2020 ஐப்பசியில் ஆரம்பித்தது. அம்மாவை ராமநாதபுரத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டு இரவு திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. உச்சிப்புளி தாண்டியதும் ஹெட்லைட் மஞ்சளாகி, வைப்பர் பாதிக் கண்ணாடியில் இழுத்து இழுத்து நகர்ந்தது. ஓரமாக நிறுத்தியதுதான் தப்பு. மறுபடி செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த வழியாக வந்த மீன் வண்டிக்காரர்கள் இறங்கித் தள்ளிவிட்டார்கள். நனைந்துகொண்டே தள்ளினார்கள், பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன் என்பது இன்னும் மனதில் இருக்கிறது.

மறுநாள் பேட்டரி செத்துவிட்டது என்றார்கள், புதிது போட்டேன். பத்து மாதம் ஓடியது. 2021 ஆவணியில் அதே கதை. இந்த முறை டவுனில் ஒரு எலெக்ட்ரிக் கடையில் டைனமோவைக் கழற்றி கார்பன் பிரஷ், டயோடு எல்லாம் மாற்றினார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றி, 'வண்டி நிக்கல, டைனமோ நல்லா இருக்கு' என்று காட்டினார்கள். தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். பேட்டரிதான் வோல்டேஜ் தாறுமாறாக ஏறாமல் தாங்கிப் பிடிக்கிறது. அதை ஓட்டத்தில் கழற்றினால் ஒரு நொடியில் வோல்டேஜ் எகிறி, டயோடும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் போய்விடலாம். என் வண்டியில் அன்று எதுவும் போகவில்லை, ஆனால் குறையும் தீரவில்லை. இன்னொரு பேட்டரி வாங்கினேன். அதுவும் 2022 சித்திரையில் காலையில் திணற ஆரம்பித்தது.

என்னைக் குழப்பியது சிவப்பு பேட்டரி விளக்கு. சாவி போட்டால் எரியும், எஞ்சின் ஓடினால் அணையும். சரியாகத்தானே வேலை செய்கிறது என்று நம்பினேன். அந்த விளக்கு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: டைனமோ கரண்ட் உற்பத்தி செய்கிறது. சாவி போட்டதும் விளக்கு வழியாகக் கொஞ்சம் கரண்ட் டைனமோவுக்குள் போய் அதைக் கிளப்பிவிடும். டைனமோ தானே உற்பத்தி செய்யத் தொடங்கியதும் விளக்கின் இரண்டு பக்கமும் வோல்டேஜ் சமமாகி, அது அணைந்துவிடும். உற்பத்தியான கரண்ட் பேட்டரி வரை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்பது அந்த விளக்குக்குத் தெரியாது.

இதை எனக்குப் புரியவைத்தவர் கார் மெக்கானிக் இல்லை, மண்டபத்தில் விசைப்படகுகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் ஒரு பெரியவர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் வேலைக்கு நிற்கும். வேறொருவர் படகைப் பார்க்கப் போன இடத்தில் என் வண்டி செல்ஃப் எடுக்காமல் திணறியதைக் கேட்டுவிட்டு அவரே வந்தார்.

"எத்தனை பேட்டரி மாத்துனீக தம்பி?"

"ரெண்டு பாய். டைனமோவும் பிரிச்சுப் பாத்தாச்சு."

"பெட்டியத்தான் எல்லாரும் மாத்துறாக. நடுவுல ஓடுற ஒயரை யாரு பாத்தா?"

இன்னொரு முறை செல்ஃப் அடிக்கச் சொன்னார். அடித்தேன். பானெட்டுக்குள் கையை விட்டு ஆக்சிலரேட்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னையும் தொடச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. எஞ்சினுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் எர்த் ஒயர் சரியில்லாதபோது, செல்ஃபுக்கான கரண்ட் கிடைத்த இரும்பு வழியையெல்லாம் பிடித்துக்கொண்டு போகும். மெல்லிய கேபிளில் அவ்வளவு கரண்ட் போனால் சூடாகத்தானே செய்யும்.

அப்புறம் மல்டிமீட்டரை எடுத்தார். எஞ்சின் ஓட வேண்டும், கொஞ்சம் ரேஸில். இரண்டு ஹெட்லைட்டும் எரிய வேண்டும் (அதுவே 110 வாட், ஏறத்தாழ 9 ஆம்பியர்), ஹீட்டர் ஃபேனும் ஓட வேண்டும். லோடு இல்லாமல் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து நான்கு இடம் பார்த்தார். பேட்டரியின் இரண்டு முனைகளில் 13.0. டைனமோவிலிருந்து கரண்ட் வெளியே வரும் பெரிய போல்ட்டுக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவில் 14.2. டைனமோ நன்றாகத்தான் இருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. பிறகு டைனமோவின் அந்தப் போல்ட்டிலிருந்து பேட்டரி ப்ளஸ் வரை: 0.5. டைனமோ உடம்பிலிருந்து பேட்டரி மைனஸ் வரை: 0.7. கூட்டிப் பாருங்கள், 13.0, 0.5, 0.7 சேர்ந்தால் அதே 14.2. காணாமல் போன 1.2 வோல்ட் முழுக்க ஒயரில்தான் இருந்தது.

அந்த இரண்டு இடத்திலும் 0.2க்கு மேல் வந்தால் ஒயரைச் சந்தேகப்பட வேண்டும் என்பது பாய் சொன்ன கணக்கு. பேட்டரியின் முனைகளில் 13.8இலிருந்து 14.4 வரை வந்தால் நல்லது. 13.0 என்பது பேட்டரியை அப்போதைக்கு உயிரோடு வைத்திருக்கும், நிரப்பாது. நாள்கணக்கில் பாதி வயிற்றோடு கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து எந்தப் பேட்டரியும் சீக்கிரம் போய்விடும். என் இரண்டு பேட்டரியும் அப்படித்தான் போயின, அவற்றை விற்றவர்கள்மேல் குறை இல்லை.

எர்த் ஒயரைக் கழற்றினோம். பார்க்க நல்ல ஒயர்தான். லக்கும் (ஒயர் முனையில் நெரித்துப் போடும் உலோக வளையம்) போல்ட்டும் சுத்தம், கையால் இழுத்தாலும் அசையவில்லை. இரண்டு முனையிலும் மீட்டர் வைத்தால் 'பீப்' என்று சத்தமும் வந்தது. அப்போது ஒயரில் ஓடியது 20 ஆம்பியர் என்று வைத்தால், 0.7 வோல்ட்டுக்குத் தடை வெறும் 0.035 ஓம். சாதாரண மீட்டரின் ஓம் அளவில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் செல்ஃப் அடிக்கும்போது 100 ஆம்பியருக்கு மேல் போகும், அப்போது அதே ஒயர் மூன்றரை வோல்ட்டைத் தின்றுவிடும். பாய் கத்தியால் லக் பக்கத்திலிருந்து கறுப்பு உறையை நீளவாக்கில் கீறிப் பிரித்தார். உள்ளே செம்பு நிறமே இல்லை. நாலு விரற்கடை நீளத்துக்குப் பச்சைக் களிம்பு, நடுவில் கறுத்துப்போன இழைகள். நகத்தால் நெருடியதும் இழைகள் பொடிப்பொடியாக உதிர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தன. அவ்வளவு பெரிய ஒயரில் நல்லபடியாக இருந்தது ஓர் ஓரத்தில் ஏழெட்டு இழைதான். டைனமோ ப்ளஸ் ஒயரின் லக்குக்குள்ளும் இதே களிம்பு, கொஞ்சம் குறைவு.

வண்டி செய்தவர்கள் இதற்கு என்ன செய்ய முடியும்? பாம்பனில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஆடியில் கச்சான் காற்று அடித்தால் காலையில் கண்ணாடியைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். உப்பு தானே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் லக் வழியாக ஒயருக்குள் இழைக்கு இழை ஏறிப் போகும். 1914இல் திறந்த ரயில் தூக்குப் பாலத்தையே இந்தக் காற்று விடவில்லை. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்க வேண்டியிருந்தது. என் வண்டி அந்தக் கடலோரத்திலேயே கிடக்கிறது.

கார் கடையில் கிடைக்கும் வெறும் செம்பு ஒயர் வேண்டாம் என்றார் பாய். படகுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரில், எர்த்துக்கு 25 சதுர மில்லிமீட்டர் கனத்தில் அளவெடுத்து வெட்டினார். லக்கை நெரித்து, மேலே பசை உள்ள சுருங்கு உறையைப் போட்டுச் சூடு காட்டி அடைத்தார். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகே இறுக்கினார். இறுக்கிய பிறகுதான் மேலே வாசலின். மறுபடி அளந்தபோது எர்த் பக்கம் 0.06, ப்ளஸ் பக்கம் 0.1, பேட்டரியில் 14.0. செல்ஃப் அடித்தேன். அந்தச் சத்தத்தை நான் இந்த வண்டியில் அதற்குமுன் கேட்டதே இல்லை. கூலியாக அவர் வாங்கியது என் இரண்டு பேட்டரி விலையில் சின்னப் பங்கு.

மற்ற காரணங்களே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் அமுங்க வேண்டும். டைனமோவிலேயே 13.5 தாண்டவில்லை என்றால் பிரஷ் அல்லது ரெகுலேட்டர். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் பார்க்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் டயோடு போயிருக்கலாம். வண்டி ஓடாமல் நின்றாலே பேட்டரி இறங்குகிறது என்றால் மைனஸ் ஒயரில் அம்மீட்டர் போட்டுப் பாருங்கள், 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் 20தான். எதைப் பார்த்தாலும் கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள், என் அனுபவத்தில் அந்த வரிசைதான் காசை மிச்சம் பிடித்தது.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பக்கம் நிறைய வீட்டில் போர் தண்ணீர் உப்பு. அதில் வண்டி கழுவினால், அதுவும் பானெட்டுக்குள் பீய்ச்சினால், காற்று ஒரு வருடத்தில் செய்வதை நாமே ஒரு மாதத்தில் செய்துவிடுவோம். நான் இப்போது ஒரு குடம் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைப்பதோடு சரி. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதுவும் ஊற்றுவதில்லை. டெர்மினலில் பூக்கிற வெள்ளையைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, காயவிட்டு, வாசலின் தடவுகிறேன்.

2022 மே மாதம் போட்ட மூன்றாவது பேட்டரிதான் இன்னும் வண்டியில் இருக்கிறது. மூன்றரை வருடம் ஆகிறது. ஆடி முடிந்ததும் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை அந்த நான்கு இடத்தையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். இந்த ஆடியில் எர்த் பக்கம் 0.14 காட்டியது. போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி மறுபடி இறுக்கினேன், 0.05க்கு இறங்கியது. போன வாரம் மழையில் அம்மாவோடு ராமநாதபுரம் போய்விட்டு இரவில் திரும்பினோம். உச்சிப்புளி தாண்டும்போது அம்மா, "லைட்டு நல்லா எரியுதுல்ல?" என்று கேட்டார். வெள்ளையாக எரிந்தது.