கீழே பார்க்கும் எக்கோவா, முன்னால் பார்க்கும் சோனாரா?

அமெரிக்காவின் மின்னசோட்டா பக்கம் ஏரி உறைந்துவிட்டால் பனியில் துளை போட்டுத் தூண்டில் இறக்குவார்கள். சாதாரண சோனார், அதாவது ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் மீனைக் காட்டும் நம்ம எக்கோ, துளைக்கு நேர் கீழே இருப்பதைத்தான் காட்டும். அங்கே மீன் இல்லையென்றால் வேறு துளை. 2018-இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் என்ற முன்னால் பார்க்கும் சோனார் வந்தபின், கம்பியில் கட்டிய சென்சாரைத் துளைக்குள் விட்டுச் சுற்றித் திருப்பினால் மீன் எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடுகிறது. அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நம்ம வள்ளத்துல மாட்டலாமா?" என்று பாம்பன் தம்பிகள் கேட்கிறார்கள்.

எந்தக் கடலில் தொழில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

கீழே பார்க்கும் எக்கோவின் கதிர் கூம்பு வடிவம். 20 டிகிரிக் கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் சுமார் மூன்றரை மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும். 5 மீட்டரில் இரண்டு மீட்டர்கூட இல்லை. வடகடல் (பாக் விரிகுடா) பெரும்பாலும் ஆழம் குறைந்தது. படகின் நிழலும் இன்ஜின் சத்தமும் பட்டதும் மீன் விலகிவிடும். திரையில் வெறும் தரைதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எக்கோ திரையின் வலது ஓரம் மட்டும்தான் 'இப்போது'. இடப்பக்கம் நகரும் வளைவெல்லாம் கடந்துபோன மீன். சித்தப்பா படகில் முதல் நாள் அந்த வளைவைப் பார்த்துத் தங்கூசியை (நைலான் தூண்டில் நரம்பை) விட்டேன். "அது போயிருச்சுடா, படகைத் திருப்பு" என்றார்.

முன்னால் பார்க்கும் சோனாரில் திரை முழுக்கவே இப்போது நடப்பது. ஈயம் இறங்குவது, பாறை மீன் ஒன்று இரையை நோக்கி வந்து தயங்கித் திரும்புவது, எல்லாம் அப்படியே தெரியும். ஆழம் குறைந்த இடத்தில் படகை நெருங்கவிடாமலே மீனைப் பார்க்க முடிவது பெரிய வசதி.

ஆனால் பனி அசையாது, வள்ளம் அசையும். வாடைக்காற்றில் வடகடலும், கச்சான் எனும் தென்மேற்குக் காற்றில் தென்கடலும் (மன்னார் வளைகுடா) படகை உருட்டும்போது சென்சாரும் சேர்ந்து உருளும். குறுகிய கதிர் ஒரு கணம் மீன்மேல், மறுகணம் வெறும் தண்ணீர்மேல். அலை நுரையின் குமிழ்கள் வேறு திரையை மறைக்கும். லைவ்ஸ்கோப் 530 முதல் 1100 கிலோஹெர்ட்ஸ் வரை இயங்குகிறது. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணை உப்புநீர் வேகமாக விழுங்கும். பெட்டியில் 200 அடி என்று போட்டிருந்தால் நன்னீர் ஏரியின் கணக்கை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

கணவாய்க்காக வாங்குபவர்கள் யோசிக்கவும். காற்றுப்பை உள்ள மீன்தான் ஒலியைப் பலமாகத் திருப்பும். ஊசிக் கணவாய்க்கு அது கிடையாது. எந்தக் கருவியிலும் மங்கலாகத்தான் தெரியும். ஓட்டுக் கணவாய் அதன் ஓட்டினால் கொஞ்சம் மேல்.

விலையில் போட்டியே இல்லை. முன்னோக்கிச் சோனார் பல மடங்கு அதிகம், அதன் மின்சாரப் பசிக்குத் தனி பேட்டரியும் வேண்டும்.

தென்கடலில் ஆழமான பார்களை (கடலடிப் பாறைத் திட்டுகளை) தேடி ஓடும் படகுக்கு எக்கோவே போதும்; பாரின் மேடும் சரிவும் அதில் தெளிவாக விழும், ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்ளலாம். வடகடலில் காற்று ஓய்ந்த மாதங்களில் நங்கூரம் போட்டுத் தூண்டில் போடுபவர், ஏற்கெனவே எக்கோ வைத்திருப்பவர், கூட்டாகப் பணம் போட முடிந்தவர் மட்டும் மற்றதை வாங்கலாம். அதையும் பக்கவாட்டுக் கம்பியில் கழற்றும்படி மாட்டுங்கள். கரையில் படகை இழுக்கும்போது முதலில் மணலில் உரசுவது அந்தச் சென்சார்தான்.