கனடாவில் வக்கீலாகப் போக நினைக்கும் சேலத்து வக்கீல்கள் கவனத்துக்கு

அஸ்தம்பட்டி கோர்ட்டில் ஆறு வருடமாக பிராக்டிஸ் செய்கிறேன். கணவருக்கு டொராண்டோவில் வேலை கிடைத்தது. அங்கே போனாலும் வக்கீலாகவே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஐந்து ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். "என்சிஏ சர்டிபிகேட் நாங்களே வாங்கிக் கொடுத்துடுவோம் மேடம். போய் இறங்கின மறுநாளே கோர்ட்டுக்குப் போகலாம்" என்றார்கள். ஒரு லட்சத்து அறுபதாயிரம் கட்டினேன். அதில் பாதி, அம்மாவின் வளையலை அடகு வைத்த பணம்.

என்சிஏ என்பது, வக்கீல்களுக்கு உரிமம் தரும் கனடிய சட்டச் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்தும் குழு. வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களின் படிப்பை மதிப்பிட்டு, எந்தெந்தப் பாடங்களில் தேர்வு எழுத வேண்டும் என்று அது சொல்லும். விண்ணப்பத்தை நாமே ஆன்லைனில் போடலாம். இடையில் ஏஜெண்டுக்கு வேலையே இல்லை.

என் மார்க் ஷீட்டை கன்சல்டன்சிக்காரர்கள் நோட்டரி கையெழுத்தோடு கூரியரில் அனுப்பியிருக்கிறார்கள். அது செல்லாது. டிரான்ஸ்கிரிப்டை, அதாவது படிப்பு முழுவதற்குமான மதிப்பெண் பதிவை, பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும். எனக்கு அது சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். நம் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று பார் கவுன்சில் தரும் நன்னிலைச் சான்றும் அப்படித்தான் போக வேண்டும். இது தெரியாமல் ஒன்பது மாதம் வாரா வாரம் கன்சல்டன்சியில் போய் நின்றேன். "பிராசஸிங்ல இருக்கு மேடம்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கடைசியில் நானே என்சிஏவுக்கு மெயில் போட்டுக் கேட்டபோதுதான், என் ஃபைலில் ஒரு ஆவணமும் முறையாக வந்து சேரவில்லை என்று தெரிந்தது. அன்று ராத்திரி அம்மா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாளே கோர்ட் என்பதும் பொய். அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல் சட்டம், கனடிய சட்டத்தின் அடிப்படைகள், தொழில் நெறி ஆகிய ஐந்தையும் கனடிய சட்டப்படி தேற வேண்டும். நம் படிப்பைப் பொறுத்து இன்னும் சில பாடங்கள் சேரலாம். சட்ட ஆய்வு, எழுத்துப் பயிற்சி என்று ஒரு கோர்ஸும் உண்டு. இத்தனையும் முடித்துக் கிடைக்கும் சான்றிதழ், மாகாணச் சட்டச் சங்கத்தில் விண்ணப்பிக்கும் தகுதியைத்தான் தரும். டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் அதற்கு அப்புறம் பாரிஸ்டர், சொலிசிட்டர் என இரண்டு தேர்வுகள், அதோடு பயிற்சிக் காலம். கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு மரபில் வந்த சிவில் சட்ட முறை என்பதால் அங்கே வழியே தனி.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், ரசீதில் "டாக்குமெண்டேஷன் சார்ஜ்" என்றுதானே இருக்கிறது என்கிறார்கள். தினமும் பத்திரம் படிக்கிற நான் அந்த ஒரு வரியைக் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். டிரான்ஸ்கிரிப்டுக்கும் சென்னை போய் நானே விண்ணப்பித்துவிட்டேன். இதே போல் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். இரண்டு வருடத்துக்குள் ஆணையத்துக்குப் போய்விட வேண்டும்.