வாக்குத்தத்த அட்டைகளும் வசனப் பெட்டிகளும்: கடலூர், புதுவைக் கடைகளில் எதை வாங்கலாம், எதை விடலாம்

அக்டோபர் கடைசி ஆகிவிட்டால் கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் முன்வரிசைக்கு வந்துவிடுவது வாக்குத்தத்தச் சரக்குதான், அதாவது வேத வசனங்களைத் தேவனின் வாக்குறுதியாக அச்சடித்தவை. டிசம்பர் 31 நடுராத்திரி ஆராதனையில் ஆளுக்கு ஒன்றாக எடுக்கும் சின்ன அட்டை, வீட்டு மேசையில் வைக்கும் வசனப் பெட்டி, தினமும் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர், சுவரில் மாட்டும் வசனப் பலகை என்று நான்கு வகை. அச்சு, அட்டை, வண்ணம் எல்லாம் முன்பைவிட நன்றாகவே இருக்கின்றன. கோளாறு இருப்பது வசனத் தேர்வில். பெரும்பாலான தொகுப்புகள் தேவன் நல்லது நடத்தும்போது மட்டும் வேலை செய்கிறவர் என்பதுபோலத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. கெட்ட காலத்தில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்கிறவர் கையில் கொடுக்க அந்தப் பெட்டிகளில் ஒரு சீட்டுகூடக் கிடைப்பது அரிது.

சபைகளில் தேவ பராமரிப்பு என்றும் கத்தோலிக்கப் பங்குகளில் இறைப்பராமரிப்பு என்றும் சொல்லப்படும் போதனை இதைவிட அகலமானது. படைத்ததைத் தாங்கிக் காப்பது, மனிதரின் செயலிலும் இயற்கையின் போக்கிலும் உடனிருந்து செயல்படுவது, எல்லாவற்றையும் தம் முடிவை நோக்கி ஆண்டு நடத்துவது என்று மூன்று பங்காக இறையியலாளர்கள் இதைப் பிரித்துச் சொல்வார்கள். 1563ல் வந்த, சீர்திருத்த சபைகளின் போதனை நூலான ஹைடல்பர்க் வினாவிடையின் 27ஆம் கேள்வி மழையையும் வறட்சியையும், விளைந்த வருஷத்தையும் விளையாத வருஷத்தையும், சுகத்தையும் வியாதியையும் ஒரே தகப்பனின் கையிலிருந்து வருவதாக அடுக்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 302 முதல் 314 வரையுள்ள எண்களில் இதே விஷயத்தை எடுத்து, தீமையைக் கடவுள் உண்டாக்குவதில்லை, அனுமதிக்கிறார், அதிலிருந்தும் நன்மையை வருவிக்க வல்லவர் என்று நிதானமாக விளக்குகிறது. அட்டை வாங்கும்போது வைத்துப் பார்க்க வேண்டிய அளவுகோல் இதுதான்.

முதலில் ரோமர் 8:28. எந்தப் பெட்டியிலும் இது இருக்கும். “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்ற நான்கு சொல் பெரிய எழுத்தில், பின்னால் சூரிய உதயம். முழு வசனம் இது: “அன்றியும், அவருடைய தீர்மானத்தின்படி அழைக்கப்பட்டவர்களாய் தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறதென்று அறிந்திருக்கிறோம்.” வெட்டிய அட்டையில் யாருக்கு என்பதும் இல்லை, யாருடைய தீர்மானம் என்பதும் இல்லை. அந்த நன்மை என்னவென்று அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது: தமது குமாரனின் சாயலுக்கு ஒப்பாவது. அதே அதிகாரம் 35ஆம் வசனத்தில் பசி, நிர்வாணம், நாசமோசம், பட்டயம் என்று பட்டியல் போடுகிறது. பவுல் சொன்ன ‘சகலமும்’ அந்தப் பட்டியலையும் சேர்த்துத்தான். வெட்டிய அட்டையைப் பிடித்துக்கொண்டு வேலை கிடைக்கும், வீடு கட்டி முடியும் என்று காத்திருக்கிறவர், அது நடக்காதபோது வசனம் பொய்த்தது என்று நினைக்கிறார். பொய்த்தது வசனம் இல்லை. அச்சகத்தில் விழுந்த வெட்டு. 9 சென்டிமீட்டருக்கு 5.5 சென்டிமீட்டர் உள்ள விசிட்டிங் கார்டு அளவிலேயே 12 பாயின்ட் எழுத்தில் முழு வசனமும் அடங்கும். இடம் போதவில்லை என்று சொல்ல வழியில்லை.

அடுத்தது இன்னும் பெரிய சிக்கல். “உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்” என்ற யோபு 8:7. கடைத் திறப்பு விழாவுக்கும் புதுமனைப் புகுவிழாவுக்கும் பலகையாகவே இதைச் செய்து கொடுக்கிறார்கள். இதைப் பேசியவர் யோபு அல்ல, அவரைப் பார்க்க வந்த நண்பர்களில் ஒருவரான பில்தாத். மூன்று வசனம் மேலே போனால் அதே பில்தாத், பிள்ளைகளைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கும் தகப்பனான யோபுவிடம், அவர்கள் செய்த பாவத்தின் பலனை அனுபவித்தார்கள் என்கிற தொனியில் பேசுகிறார். பெருங்காற்று வீட்டின் நாலு மூலையிலும் மோதி, பத்துப் பிள்ளைகளும் இடிபாட்டில் செத்த வீடு அது. யோபு 22:28ம் இதே வகை. “நீர் ஒரு காரியத்தை நிருணயம்பண்ணினால், அது உமக்கு நிலைவரப்படும்” என்பது இன்னொரு நண்பரான எலிப்பாசின் பேச்சு. கடைசி அதிகாரத்தில், 42:7ல், இந்த நண்பர்கள் தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே கோபப்படுகிறார். நண்பர்கள் சொன்ன எல்லாமே தவறு என்றும் தள்ளிவிட முடியாது. எலிப்பாசின் ஒரு வாக்கியத்தை, யோபு 5:13ஐ, பவுலே 1 கொரிந்தியர் 3:19ல் எடுத்தாள்கிறார். ஆனால் நல்லவனுக்கு நல்லதே நடக்கும், கெட்டது நடந்தால் எங்கேயோ பாவம் இருக்கிறது என்ற கணக்கை உடைப்பதற்காகவே ஒரு புத்தகம் வேதத்தில் இருக்கும்போது, அந்தக் கணக்கைப் போட்டவர்களின் வாயிலிருந்து எடுத்த வரியைப் புத்தாண்டு வாக்குத்தத்தமாகக் கொடுப்பது தவிர்க்க வேண்டிய காரியம். யோபு புத்தகத்திலிருந்து சீட்டு வேண்டுமானால் 2:10 இருக்கிறது: “தேவன் கையிலே நன்மையைப் பெற்ற நாம் தீமையையும் பெறவேண்டாமோ.” இதை அச்சடிக்கும் துணிச்சல் சில தொகுப்புகளுக்கே உண்டு. அவற்றைத் தேடி வாங்கலாம்.

எரேமியா 29:11ஐயும் பார்த்து வாங்க வேண்டும். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்பது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தின் வரி. பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்று தவணை சொல்கிறது. அதற்கும் முன்னால் வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று இருக்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பி வருவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அட்டையின் பின்பக்கத்தில் “29:4 முதல் 14 வரை வாசிக்கவும்” என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும், பாதிக் குறை தீர்ந்துவிடும்.

சங்கீதம் 91ஐ வாங்குகிறவர்கள் மத்தேயு 4:6ஐயும் புரட்டிப் பார்ப்பது நல்லது. தூதர்கள் தாங்குவார்கள் என்ற அந்த வசனத்தை, ‘உன் வழிகளிலெல்லாம்’ என்ற பகுதியை விட்டுவிட்டு இயேசுவிடம் எடுத்துச் சொன்னவன் சோதனைக்காரனாகிய சாத்தான். வசனத்தை வெட்டிக் கொடுக்கும் பழக்கத்துக்கு இதைவிடக் கடுமையான எச்சரிக்கை வேண்டியதில்லை.

இந்தக் கடற்கரைக்கு இதெல்லாம் ஏட்டு விவகாரம் இல்லை. 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தது. ஐந்தாம் நாள் ராத்திரி வாக்குத்தத்த ஆராதனை. 2011ல் தானே புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 30. மறுநாள் ராத்திரி அட்டை எடுக்க வேண்டும். அந்த அட்டைகள் புயலுக்கு முன்பே அச்சாகி வந்தவை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தபோது ‘உன் களஞ்சியம் நிரம்பும்’ என்கிற ரகச் சீட்டு கையில் வந்தால் என்ன சொல்வது? ஆபகூக் 3:17, 18 அந்த இடத்துக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது: அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், வயல்கள் தானியம் விளைவியாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன். ஏசாயா 43:2ம் கடலூருக்கு ஏற்றது. தண்ணீர் வராது என்று அது சொல்லவில்லை. தண்ணீரைக் கடக்கும்போது உன்னோடு இருப்பேன் என்கிறது. கெடிலமும் தென்பெண்ணையும் பெருகும் ஊரில் இந்த இரண்டும் இல்லாத வசனப் பெட்டியை முழுமையான பெட்டி என்று ஏற்க முடியாது.

பராமரிப்பு எப்படி நடக்கும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு சரித்திரம் உண்டு. ஸ்வீடனில் பிறந்து ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த மிஷனரி ஜான் சகரியா கீர்நாந்தர் 1740 முதல் கடலூரில் ஊழியம் செய்தார். 1758ல் லாலியின் பிரெஞ்சுப் படை கடலூரையும் செயின்ட் டேவிட் கோட்டையையும் பிடித்தது. ஊழியம் கலைந்தது. அவர் கல்கத்தாவுக்குப் போய், 1770ல் அங்கே ஒரு கோயிலைக் கட்டித் திறந்தார். இத்தோடு நிறுத்தினால் அழகான அட்டை. ஆனால் பிற்காலத்தில் அவர் கடனில் மூழ்கினார். அந்தக் கோயிலே கடன்காரர் கைக்குப் போகவிருந்தது. 1787ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் கிராண்ட் விலைகொடுத்து மீட்டார். கடலூரை இழந்தது நல்லது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. போர் மனிதர் செய்தது, அதன் பொறுப்பும் அவர்களுடையது. யோசேப்பு சகோதரர்களிடம் பேசியதும் (ஆதியாகமம் 50:20) இதே ஒழுங்கில்தான். “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்” என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்கிறார். முதல் பாதியை விட்டு இரண்டாம் பாதியை மட்டும் அச்சடித்த பலகைகள் கடையில் தொங்குகின்றன. அவை வேண்டாம்.

சீட்டு எடுக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொராவியச் சகோதரர்கள் என்ற சபையார் நாளுக்கொரு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுத்து 1731 முதல் அச்சடித்து வருகிறார்கள். ஆகவே பழக்கத்தில் தவறில்லை. அங்கே சபை முழுவதற்கும் ஒரே வசனம், அன்றைக்குத் தியானிக்க. பெண் பார்க்கலாமா, கடன் வாங்கலாமா, ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா என்று பெட்டியைத் திறந்து ஒரு சீட்டை உருவினால் அது கிளி ஜோசியத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும் என்ற நீதிமொழிகள் 16:33ஐக் காட்டி இதை நியாயப்படுத்துவார்கள். ஆனால் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அப்போஸ்தலர் 1:26க்குப் பிறகு, பெந்தெகொஸ்தே நாளுக்கு அப்பால், சபை சீட்டுப் போட்டு முடிவெடுத்ததாகப் புதிய ஏற்பாட்டில் வேறு இடம் இல்லை. விசாரித்து, பெரியவர்களைக் கேட்டு, ஜெபித்து எடுக்கும் முடிவிலும் அதே பராமரிப்பு செயல்படுகிறது.

பொருளாக எப்படி? பெட்டிகளில் சுருட்டிய தாள் சீட்டு வேண்டாம். கடல் காற்றில் மழைக்காலம் முழுக்க ஈரம் ஏறி, சுருள் பிரிக்கும்போது மடிப்பில் கிழியும், பூஞ்சை பிடிக்கும். தட்டையான, தடிமனான 300 ஜிஎஸ்எம் அட்டை, இருபக்க அச்சு, மேட் லேமினேஷன் உள்ள பெட்டி நீடிக்கிறது. பளபளப்பு லேமினேஷன் டியூப்லைட் வெளிச்சத்தில் கண்ணைக் கூசும், வயதானவர்களால் படிக்க முடியாது. பலகைகளில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பார்க்க அழகு. ஆனால் கடலோர வீட்டில் விளிம்பு ஊதி, மேலே ஒட்டிய தாள் உரிந்துவிடும். அக்ரிலிக் வாங்கி, துருப்பிடிக்காத எஸ்எஸ் திருகு போட்டு மாட்டுங்கள். நான்கு வகையிலும் மனதார சிபாரிசு செய்யக்கூடியது கிழிக்கும் காலண்டர்தான். 365 தாள் நிரப்ப வேண்டியிருப்பதால் புலம்பலும் யோபுவும் எப்படியும் உள்ளே வந்துவிடுகின்றன. பலவற்றில் அன்றைய வாசிப்புப் பகுதியும் இருக்கிறது.

துக்க வீட்டுக்கு எடுத்துப்போக எதை வாங்குவது என்று கடையில் அடிக்கடி கேட்கப்படுகிறது. முதல் வாரத்தில் எதுவும் வேண்டாம். யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தது. ரோமர் 8:28ஐ அடக்கம் முடிந்த கையோடு நீட்டுவது புண்ணில் உப்பு. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை எடுத்து, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டதை (லூக்கா 13:4) விசாரிக்கப் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொண்டு போகலாம். முப்பதாம் நாளுக்குப் பிறகு புலம்பல் 3:31 முதல் 33 வரை உள்ள அட்டை கொடுக்கலாம். மனப்பூர்வமாய் அவர் மனுபுத்திரரைச் சஞ்சலப்படுத்துகிறதில்லை என்று அந்த வரிகள் முடிகின்றன. சங்கீதம் 13ம் நல்லது. அது “எதுவரைக்கும்” என்று கேட்டே ஆரம்பிக்கிறது.

சபைக்கு மொத்தமாக அடிக்கிறவர்கள் கடையின் தயார் வசனப் பட்டியலை அப்படியே எடுக்காமல், தாங்களே பட்டியல் கொடுங்கள். நூறு அட்டைக்குக் குறைந்தது இருபது ஆபகூக் 3:17-18, தானியேல் 3:18, 2 கொரிந்தியர் 12:9, யோபு 2:10 போன்றவையாக இருக்கட்டும். கெட்ட வருஷம் யாருக்கு வரும் என்று தெரியாததால் இந்த இருபதையும் தனியாக வைக்காமல் கலந்தே வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் மின்வெட்டும் வரும், அட்டை காயவும் தாமதமாகும். அதனால் அக்டோபருக்குள் ஆர்டரைக் கொடுத்துவிடுவது நல்லது. புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் மாதிரி) வந்ததும் கவனிக்க வேண்டியவை: பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது ஒகர, ஓகாரக் கொம்புகள் இடம் மாறிவிடும். 1 பேதுரு, 2 பேதுரு என்பதில் முன்னால் உள்ள எண் காணாமல் போகும். ‘தீமைக்கல்ல’ என்பதில் ‘அல்ல’ விட்டுப்போனால் வசனமே தலைகீழ். ஒவ்வொரு அட்டையையும் ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் வேதாகமத்தைத் திறந்து வைத்துச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.