தங்கத் துகளா, குவாண்டம் புள்ளியா, ராமன் முறையா?

இரத்தத்தில் ஒரு புரதத்தை அளக்க இந்த மூன்றில் எதை எடுப்பது? உடலில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதத்தின் வழக்கமான மேல்வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவில் இருக்கும். மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின்-டி-க்கு, உயர் உணர்திறன் சோதனையில் வரம்பு லிட்டருக்கு 14 நானோகிராம். இடைவெளி மூன்றரை லட்சம் மடங்கு. எந்த நானோ துகள் சிறந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே வந்துவிடுகிறது.

சி.ஆர்.பி.க்குத் தங்கமே போதும். மாதிரி ஊறிச் சென்று நிறக்கோடாகத் தெரியும் பட்டைச் சோதனைக்கு 40 நானோமீட்டர் துகள் வழக்கம்; ஒளி உறிஞ்சல் உச்சம் 530 நானோமீட்டரை ஒட்டி, நிறம் சிவப்பு. தேடும் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் துகளில் ஏற்றுமுன் பொட்டாசியம் கார்பனேட் சேர்த்து pH-ஐ 8–9-க்குக் கொண்டுவர வேண்டும். மூடப்படாத தங்கக் கரைசலில் pH மீட்டரின் முனையை நேராக விட்டால் துகள் படிந்து அடைத்துக்கொள்ளும், pH தாள் போதும். அடுத்தது உப்புச் சோதனை: வெவ்வேறு அளவு ஆன்டிபாடி கலந்த 1 மி.லி. கரைசல்களில், பத்து நிமிடம் கழித்து 10% உப்புநீர் 100 மைக்ரோலிட்டர் விடுங்கள். நீலமானால் துகள்கள் ஒட்டிக்கொண்டன, ஆன்டிபாடி போதவில்லை. சிவப்பு மாறாத மிகக் குறைந்த அளவுக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டு, மிச்ச இடத்தை பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீரத்தின் அல்புமின் புரதம்) கொண்டு மூடிவிடலாம். இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சி.ஆர்.பி. மிக அதிகமாக இருந்தால் துகளிலும் பட்டைக்கோட்டிலும் உள்ள இரு ஆன்டிபாடிகளும் தனித்தனியே நிரம்பி, கோடு மங்கும். கடும் தொற்று லேசானதுபோல் தெரியும். சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ட்ரோபோனினுக்கு, வெறுங்கண்ணால் பார்க்கும் தங்கக்கோடு எட்டாது. இங்கே குவாண்டம் புள்ளிக்கு (ஒளி பட்டால் ஒளிரும் நுண்ணிய குறைக்கடத்திப் படிகம்) மதிப்பு. 365 நானோமீட்டர் ஒளியில் பட்டையின் நைட்ரோசெல்லுலோஸும் சீரமும் தாமே நீலமாக ஒளிரும் என்பதால், 610 நானோமீட்டருக்கு மேல் உமிழும் புள்ளியையே எடுங்கள். மேற்பரப்பில் கார்பாக்சில் தொகுதி உள்ள புள்ளியுடன் ஈ.டி.சி. என்ற இணைப்பு வேதிப்பொருள் வழியாக ஆன்டிபாடியை இணைக்கும்போது ட்ரிஸ், கிளைசின் பஃபர்கள் (pH-ஐ நிலையாக வைக்கும் கரைசல்கள்) கூடாது. அவற்றின் அமீன்களே வினையைத் தின்றுவிடும். ஈ.டி.சி. கூடினாலும் தொல்லை, எல்லாம் திரண்டு அடியில் தங்கும். புள்ளியில் காட்மியம் இருந்தால் அதன் கழிவைத் தனியே சேர்ப்பது கூடுதல் வேலை.

மூலக்கூறில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியை உலோகத் துகளால் பெருக்கி அளக்கும் மேற்பரப்பு மேம்பட்ட ராமன் முறை உணர்திறனில் இரண்டையும் மிஞ்சக்கூடும். ஆனால் சிக்னலின் பெரும்பகுதி துகள்களுக்கிடையே உள்ள சில நானோமீட்டர் இடுக்குகளிலிருந்து வருகிறது. இடுக்கு ஒரே சீராக அமையாததால் அளவும் இடத்துக்கு இடம் தாவும். துளி காயும்போது விளிம்பில் வளையமாகத் துகள் குவிவதால் அங்கே லேசர் பட்டால் அளவு பொய்யாக உயரும். பல இடங்களில் அளந்து சராசரி எடுப்பது கட்டாயம். ஒரே பட்டையில் பல குறிப்பான்கள் (அளக்க வேண்டிய புரதங்கள்) வேண்டும், ஆய்வகத்தில் 785 நானோமீட்டர் லேசரும் இருக்கிறது என்றால் மட்டுமே இதைத் தொடுவேன். பஃபரில் எடுத்த கண்டறியும் வரம்பை வைத்து மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண். அதே அளவுக் குறிப்பானைச் சீரத்தில் கலந்து மறுபடி அளந்த பிறகே பட்டியல் போடுங்கள்.