கறை என்று அழிக்கப்பட்ட வால்மீன்: அல்சூர் பிரேம் கடை அனுபவம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து ஓவியர் வில்லியம் டைஸ் வரைந்த பெக்வெல் விரிகுடா ஓவியத்தை, மூலத்தின் அளவிலேயே, அதாவது ஏறத்தாழ 63 செ.மீ. உயரமும் 89 செ.மீ. அகலமுமாக அச்சிட்டுப் பிரேம் போட்டுத் தருமாறு, பெங்களூரு அல்சூரில் தமிழ்ப் பெரியவர் ஒருவர் நடத்தும் கடையில் கொடுத்திருந்தேன். பத்து நாள் கழித்து வந்த அச்சு பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் வானத்தில் வால்மீன் இல்லை. கேட்டதற்கு, "அது கறைன்னு நினைச்சு பையன் அழிச்சிட்டான் சார்" என்றார்.

அந்தக் கறைதான் ஓவியத்தின் உயிர். இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் நீர் வற்றிய மாலை வேளையில் டைஸின் மனைவியும், மனைவியின் சகோதரிகள் இருவரும், சிறுவனான மகனும் நிற்கிறார்கள். சிப்பி பொறுக்கும் அவர்களுள் யாருக்கும் வானத்தைப் பற்றிய நினைவே இல்லை. மேலே, உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் வெளிறிய கீற்றாக, 1858இல் உலகமே வியந்து பார்த்த டொனாட்டி வால்மீன். ஓவியத்தின் தலைப்பிலேயே '1858 அக்டோபர் 5இன் நினைவு' என்று டைஸ் நாளைக் குறித்திருக்கிறார்.

சங்கப் பாடல்களில் நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று படித்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். கடலும், எற்பாடு எனும் பகல் சாயும் பொழுதும், இரங்கலும் சேர்ந்த நெய்தலாகவே நான் இதைப் பார்க்கிறேன். நுண்ணுயிர்களின் ஓடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவான சுண்ணாம்புப் பாறை பின்னால் நிற்க, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வால்மீன் மேலே செல்ல, நடுவில் ஒரு குடும்பத்தின் ஒரே ஒரு மாலை. பூமியின் வயதைப் பற்றி விவிலியம் சொன்னதை நிலவியல் அசைத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த மூன்று காலங்களையும் ஒரே கரையில் கண்ட திகைப்புதான் டைஸை வரையத் தூண்டியது என்பது என் கருத்து.

பெரியவர் லென்ஸை வைத்து மூலப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பின்னர், கூடுதல் பணம் வாங்காமல், பளபளப்பில்லாத மேட் தாளில் மறுபடியும் அச்சிட்டுக் கொடுத்தார். இம்முறை கீற்றும் தெரிகிறது, பாறையின் வெடிப்புகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. தேக்குச் சட்டத்தின் மூலைகளில் இடைவெளியே இல்லை. படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையை மட்டும் சற்று உள்ளே வெட்டிவிட்டதால், ஓவியம் வரையும் பொருள்களைச் சுமந்தபடி வலது ஓரத்தில் நிற்கும் மனிதரின் தோள் மறைகிறது. அவர் டைஸ்தான் என்று பொதுவாகக் கருதப்படுவதால் அட்டையை மாற்றக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.