போர்க்காலக் கூலி: முடக்கமா, படியா, அடிமட்டச் சம்பளமா?

போர் வந்தால் அரசு சம்பளத்தில் மூன்று விதமாகக் கை வைக்கும். சம்பளத்தை முடக்கி அரிசி விலையைத் தாங்கும். விலை ஏற ஏறச் சம்பளத்துக்கு மேல் படி என்று தனியே ஒரு தொகை கொடுக்கும். அல்லது இதற்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று சட்டம் போடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அருவி வெட்ட, அதாவது நெல் அறுக்க, போகிறவருக்கு எது உதவும்?

முடக்கம், பங்கீட்டு அரிசி கொடுக்கும் கூப்பன் கடையில் அரிசி இருக்கும்வரைதான் நியாயம். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்து பர்மா அரிசி நின்றபோது இலங்கைக்கு இது நன்றாக உறைத்தது. அதே ஆண்டு அமெரிக்கா, 1941 ஜனவரிச் சம்பளத்தில் பொதுவாக நூற்றுக்கு 15தான் ஏற்றலாம் என்றது. வயிற்றுக்குப் போதாத கூலிக்கு மட்டும் விலக்கு வைத்தது. அந்த விலக்கு இல்லாவிட்டால் சுமை முழுக்க ஏழையின் தலையில்தான்.

படியில்தான் சூட்சுமம் அதிகம். நூற்றுக்கு 10 என்றால் 10,000 ரூபாய்க்காரருக்கு 1,000, 40,000 ரூபாய்க்காரருக்கு 4,000. அரிசிக் கடையில் இருவருக்கும் ஒரே விலை! ஆளுக்கு ஒரே தொகை கொடுத்தால் கீழே உள்ளவருக்குத்தான் கூடுதல் பலன். இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையினருக்கு அப்படித்தான் மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. ஆனால் தொகையைச் சட்டத்திலேயே எழுதிவிட்டால் விலை ஓடும், படி நிற்கும். 2008இல் பணவீக்கம் நூற்றுக்கு 20ஐத் தாண்டியபோதும் அது 1,000தான். விலைவாசி ஏற்றத்தைக் காட்டும் சுட்டெண்ணோடு படியைக் கட்டினாலும் கொழும்பு விலைச் சுட்டெண்ணுக்கு, போர்க்காலத்தில் சோதனைச் சாவடி தாண்டி மண்முனைத் துறையில் படகேறி வந்த சீனியின் விலை தெரியாது. கூலியை நெல்லாக வாங்கியவர்தான் தப்பினார்.

அடிமட்டச் சம்பளத்துக்கு 1941இலேயே சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்தது. ஆனால் அது தொழில்வாரியானது. எல்லாருக்கும் பொதுவாக 10,000 ரூபாய் என்ற சட்டம் 2016இல், உள்நாட்டுப் போர் முடிந்து ஏழு வருடம் கழித்துத்தான். 2026 ஜனவரியில் இருந்து அது மாதம் 30,000, நாளுக்கு 1,200. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8, அதாவது 2,400 போக, கையில் 27,600. முதலாளி தன் பங்காக அதற்கு 3,600உம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 900உம் கட்டவேண்டும்.

அரிசி ஆலையில் பெயர் பதிந்தவர் இதைக் கேட்டு வாங்கலாம். ஏக்கர்க் கணக்கில் கொந்தராத்துக்கு வெட்டுகிறவருக்குச் சம்பளத் துண்டே இல்லை. திகதி, வயல், வேலை செய்த மணி, வாங்கிய காசு நான்கையும் அன்றன்றே கொப்பியில் எழுதி வைத்தால்தான் தொழில் அலுவலகத்தில் பேச்செடுக்கவாவது முடியும்.