பாரோவா, லெண்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருந்த நாளில், சைக்கிள் டயர் காற்று இறங்கிப்போய் கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) வீட்டு வாசலில் நின்றேன். "சார், பிளீஸ் பாரோ மீ யுவர் பம்ப்" என்றேன். மனிதர் சிரிக்கவே இல்லை. "யார்கிட்ட இருந்து தம்பி உன்னை இரவல் வாங்கணும்?" என்றார்.

பாரோ என்றால் இரவலாகவோ கடனாகவோ வாங்குவது. லெண்ட் என்றால் கொடுப்பது. பம்ப் அவருடையது, கொடுக்கவேண்டியவர் அவர். அதனால் "லெண்ட் மீ" என்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் "கேன் ஐ பாரோ" என்று. இரண்டும் சரிதான். ஆனால் பெரியவர்களிடம் நான் இரண்டாவதையே சொல்வேன். 'கொடு' என்பதைவிட 'வாங்கிக்கொள்ளலாமா' என்பது காதுக்கு இதம்.

இந்தக் குழப்பம் தமிழால் வந்ததில்லை என்பது என் கட்சி. மலாய் மொழியின் எழுத்து வழக்கில் மெமிஞ்ஜாம் இரவல் வாங்குவது, மெமிஞ்ஜாம்கான் கொடுப்பது. பசாரில் யார் முன்னும் பின்னும் ஒட்டுப் போட்டுப் பேசுகிறார்கள்? வெறும் பிஞ்ஜாம் இரண்டு பக்கத்துக்கும் ஓடுகிறது. அதே பழக்கத்தில் பாரோவையும் இரண்டு பக்கமும் ஓட்டிவிடுகிறோம். தமிழில் இரவல் ஒன்றுதான் என்றாலும், வாங்கு, கொடு என்று பின்னால் வரும் வினை திசையைக் காட்டிவிடும். மனசுக்குள் அதைச் சொல்லிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. மீதி சில்லறை: பாரோவுக்கு ஃப்ரம், லெண்டுக்கு டு. லெண்டட் என்று ஒரு சொல் கிடையாது. அமெரிக்கர்கள் லோன் என்பதையும் வினையாக்குவார்கள். எஸ்பிஎம் (மலேசிய இடைநிலைப்பள்ளித் தேர்வு) தாளில் லெண்ட் என்றே எழுதுங்கள், வம்பில்லை.

ஆனால் 'வாங்கு' நம்மை ஓரிடத்தில் கவிழ்க்கும். தோட்டத்துக் கடையில் பற்று எழுதி அரிசி எடுத்து, சம்பளத்தன்று தீர்ப்போமே, அதையும் 'கடனுக்கு வாங்கினேன்' என்றுதான் சொல்கிறோம். அது பாரோ இல்லை. அரிசி கடைக்குத் திரும்பப் போவதில்லை, காசுதான் போகிறது. ஆங்கிலத்தில் அது 'பாட் ஆன் கிரெடிட்'. அதுவே, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கிண்ணம் சீனி வாங்கினால் பாரோதான், ஏனென்றால் சீனியாகவே திருப்பித் தரவேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எத்தனை கிண்ணம் திரும்பியது என்பது வேறு கதை.

அப்புறம், அடுத்தவர் வீட்டில் "கேன் ஐ பாரோ யுவர் டாய்லெட்" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலாயில் தும்பாங், அதாவது உங்களுடையதைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்கிறேன், என்று சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் யூஸ் என்று கேளுங்கள். பாரோ என்றால் கையோடு தூக்கிக்கொண்டு போகவேண்டி வரும்.